லாபி என்றால் லஞ்சமா? அரசின் முடிவுகளில் சங்கங்களும் குழுக்களும் நுழையும் வழி

கடலூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலை அரசியல் பாடம் சொல்லித் தருகிறேன். 'அழுத்தக் குழுக்கள்' என்ற பகுதிக்கு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "லாபி பண்றதுன்னா பணம் கொடுத்துக் காரியம் சாதிக்கிறதுதானே சார்?" போன வருஷம் இந்தக் கேள்வி வந்தபோது பின்வரிசையிலிருந்து தேவனாம்பட்டினம் மீனவ கிராமத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "எங்க அப்பா ஊர்க்காரங்களோட கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மூணு நாள் உக்காந்தாரு. யாருக்கும் ஒரு பைசா கொடுக்கல. அதுக்கு என்ன பேரு சார்?"

அன்றைக்கு நேரம் ஆகிவிட்டதால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்த முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நாம் பொதுவாக என்ன செய்கிறோம்? தொழிலதிபர்கள் அமைச்சரைப் பார்த்தால் சதி என்கிறோம். நம் ஊர்க்காரர்கள் பார்த்தால் கோரிக்கை என்கிறோம். பிடிக்காத சங்கம் சாலையில் உட்கார்ந்தால் மிரட்டல், பிடித்த சங்கம் உட்கார்ந்தால் உரிமைப் போராட்டம். ஆள் யார் என்று பார்த்துப் பெயர் வைக்கிறோம். ஆனால் உள்ளே ஓடும் இயந்திரம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே கோபப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தெருக்குழாயிலிருந்து தொடங்குவோம்

ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அறுபது வீடு. காலை ஆறரைக்கு மாநகராட்சித் தண்ணீர் வருகிறது. அந்த அறுபதில் மூன்று வீட்டார் வாசலிலேயே டிபன் கடை நடத்துகிறார்கள். ஆறரைக்குத் தண்ணீர் வந்து அவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை, அதற்குள் முதல் ஈடு இட்லி இறக்கியாக வேண்டும். அதனால் தினமும் கேன் தண்ணீருக்குக் காசு போகிறது. ஐந்து மணிக்குத் தண்ணீர் விட்டால் அந்தச் செலவு மிச்சம். மீதி ஐம்பத்தேழு வீட்டுக்கு ஆறரைதான் வசதி. ஐந்து மணி என்றால் தூக்கம் கொஞ்சம் கெடும், ஆனால் பிழைப்பு கெடாது.

மூன்று கடைக்காரர்களும் சேர்ந்து கவுன்சிலரைப் போய்ப் பார்க்கிறார்கள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. வால்வு திறக்கும் ஊழியரிடம் பேசி, எந்தத் தெருவுக்கு எப்போது விட்டால் அழுத்தம் குறையாது என்று விவரம் கேட்டு, அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறார்கள். ஐம்பத்தேழு வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. போகலாமா என்று யோசித்தவரும், வேறு யாராவது போய்ச் சொல்லுவார்கள் என்று இருந்துவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து ஐந்து மணிக்குத் தண்ணீர்.

இதில் ஒரு ரூபாய் கைமாறவில்லை. கவுன்சிலர் கெட்டவரும் இல்லை. அவர் முன்னால் வந்து நின்றது மூன்று பேர், அவருக்குத் தெரியவந்தது அந்த மூன்று பேரின் கஷ்டம், அவர் கையில் இருந்தது அவர்கள் எழுதிக் கொடுத்த தாள். சென்னையிலும் டெல்லியிலும் நடப்பது பெரும்பாலும் இதுவேதான், அளவு மட்டும் பெரிது.

மூன்று சொற்கள்

ஒரே நலனோ ஒரே கவலையோ உள்ளவர்கள் அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றுசேர்ந்தால் அது *நலக்குழு*. ஆலை முதலாளிகள் சங்கம், கரும்பு விவசாயிகள் சங்கம், வணிகர் சங்கம், மருத்துவர் சங்கம், மீனவ கிராமப் பஞ்சாயத்து, சுற்றுச்சூழல் அமைப்பு எல்லாமே இதில் அடங்கும். அந்தக் குழு அரசின் முடிவை மாற்ற முயலும்போது அதை *அழுத்தக் குழு* என்கிறோம். அப்படி முடிவெடுப்பவரை நேரில் சந்தித்தோ ஆள் வைத்தோ தன் பக்கம் இழுக்கும் வேலைக்குப் பெயர் *லாபி*. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களைப் பொதுமக்கள் பார்த்துப் பேசும் முன்கூடத்துக்கு லாபி என்று பெயர், சொல் அங்கிருந்து வந்தது. லஞ்சம் இந்த மூன்றுக்கும் வெளியே நிற்கும் குற்றம். லாபி செய்பவர் லஞ்சமும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

கட்சிக்கும் குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். கட்சி தானே நாற்காலியில் உட்காரப் பார்க்கிறது. குழு, நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தன் காரியம் நடக்க வேண்டும் என்று பார்க்கிறது. நம் பக்கத்தில் தொழிற்சங்கங்கள் பல கட்சிகளோடு ஒட்டியே இருப்பதால் கோடு கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு நமக்குத் தந்திருக்கும் அடிப்படை உரிமை. ஆகவே குழு சேர்வதையே தப்பாகப் பார்ப்பவர்கள் முதலில் இதை மனதில் வைக்க வேண்டும்.

பத்து ரூபாய்க் கணக்கு

சரி, பெரும்பான்மைக்குத்தானே ஓட்டு அதிகம், அப்புறம் எப்படிச் சின்னக் குழு ஜெயிக்கிறது? இந்தக் கேள்விதான் விஷயத்தின் நடு. நெல்லிக்குப்பம் பக்கம் போய்க் கரும்பை வைத்துக் கணக்குப் போட்டால் புரியும்.

கரும்புக்கு ஆலைகள் தர வேண்டிய குறைந்தபட்ச விலையை மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கிறது. சர்க்கரைக் கட்டுமானம், அதாவது பிழிந்தால் கிடைக்கும் சர்க்கரையின் அளவு, 10.25 சதவீதம் உள்ள கரும்புக்கு 2024-25 பருவத்தில் குவிண்டாலுக்கு 340 ரூபாய், 2025-26இல் 355 ரூபாய். விலையைப் பரிந்துரைக்கும் ஆணையம், விவசாய அமைப்புகளையும் ஆலை அமைப்புகளையும் கேட்டுத்தான் பரிந்துரைக்கிறது. இப்போது, இந்த விலையில் 10 ரூபாய் ஏறினால் யாருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

ஒரு ஆலை ஒரு பருவத்தில் 5 லட்சம் டன் அரைப்பதாக வைத்துக்கொள்வோம். அது 50 லட்சம் குவிண்டால். பத்து ரூபாய் ஏறினால் ஆலைக்கு 5 கோடி ரூபாய் கூடுதல் செலவு. ஏக்கருக்கு 40 டன் எடுக்கும் விவசாயிக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் கூடுதல் வரவு. சர்க்கரை வாங்கும் நமக்கு? ஒரு குவிண்டால் கரும்பில் ஏறத்தாழ 10 கிலோ சர்க்கரை கிடைக்கும். ஏறிய முழுத் தொகையையும் நம் தலையில் கட்டினால்கூடக் கிலோவுக்கு ஒரு ரூபாய்தான். மாதம் மூன்று கிலோ வாங்கும் வீட்டுக்கு மூன்று ரூபாய்.

மூன்று ரூபாய்க்காக யாரும் விடுப்பு எடுத்துக்கொண்டு டெல்லிக்கு ரயில் ஏற மாட்டார்கள். 5 கோடி போகப்போகும் ஆலை ஏறும், வக்கீல் வைக்கும், பொருளாதார அறிக்கை தயார் செய்யும். விவசாயியும் ஏறத்தான் பார்ப்பார், 4,000 அவருக்குப் பெரிய காசு. ஆனால் லட்சக்கணக்கான பேர் சிதறிக் கிடப்பதால் ஒன்றுசேர்வது கஷ்டம். சர்க்கரை வாங்குகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கமே கிடையாது.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கரும்பு விவசாயிகள் சங்கம் போராடி விலையை ஏற்றினால், சந்தா கட்டாத, கூட்டத்துக்கு வராத விவசாயிக்கும் அதே விலைதான் கிடைக்கும். அப்புறம் எதற்குச் சந்தா கட்ட வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்தால் சங்கம் படுத்துவிடும். இதை *ஓசிச் சவாரிச் சிக்கல்* என்று சொல்லலாம்: அடுத்தவர் பாடுபட்டுக் கிடைத்த பலனை, உழைப்பில் பங்கெடுக்காமலே அனுபவிக்கும் வாய்ப்பு. குழு சின்னதாக இருந்தால் யார் வரவில்லை என்று உடனே தெரிந்துவிடும். பெரிதாக இருந்தால் தெரியாது. மேன்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1965இல் இதை விரிவாக விளக்கினார். எண்ணிக்கை கூடினால் பலமும் கூடும் என்று அதுவரை பலரும் நம்பிக்கொண்டிருந்ததை அவர் விளக்கம் ஆட்டிவிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று பார்த்துக்கொள்வோம். லாபமோ நட்டமோ சிலர் மேல் கனமாக விழுந்தால் அவர்கள் ஒன்றுசேர்வார்கள். பலர் மேல் துளித்துளியாக விழுந்தால் யாரும் அசைய மாட்டார்கள். கொள்கைகள் அடிக்கடி சிலர் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான். ஊழல் இதற்கு மேலே வந்து சேரலாம், ஆனால் ஊழலே இல்லாத இடத்திலும் இந்தச் சாய்வு இருக்கும்.

முடிவு எந்த அறையில் பிறக்கிறது?

செய்தியில் சட்டமன்றத்தைக் காட்டுவதால் முடிவெல்லாம் அங்கேதான் நடக்கிறது என்று நினைக்கிறோம். மீனவ ஊர்களில் இந்த விஷயம் நன்றாகத் தெரியும்: சுருக்குமடி வலை பற்றிய முடிவு ஒரு இடத்தில் நிற்கவே இல்லை.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை வளைத்து, அடிக்கயிற்றை இழுத்து வாயை மூடினால் அது சுருக்குமடி. மத்தி, கானாங்கெளுத்தி போல் கூட்டமாகத் திரியும் மீன் ஒரே வளைப்பில் டன் கணக்கில் சிக்கும். வலை, படகு, எஞ்சின் என்று முதலீடு பெரிது, பலர் பங்கு போட்டு வாங்குவார்கள். எதிரே சின்ன ஃபைபர் படகில் செவுள் வலை போடுகிறவர்கள். கூட்டத்தையே வாரிவிட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். கடன் வாங்கிப் போட்ட முதலீட்டை எப்படி எடுப்பது என்பது சுருக்குமடிக்காரர்கள் வாதம். இரண்டு பக்கமும் மீனவர்கள், பல ஊர்களில் சொந்தக்காரர்கள். 2021 ஆகஸ்டில் புதுச்சேரியின் வீராம்பட்டினத்துக்கும் நல்லவாட்டுக்கும் இடையே இந்த வலையால் மோதல் மூண்டு, போலீசார் வானத்தை நோக்கிச் சுடும் அளவுக்குப் போனது.

இந்த வலைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது 2000ஆம் ஆண்டில். சட்டமன்றம் அதற்கென்று ஓட்டெடுத்துத் தனிச் சட்டம் போடவில்லை. 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் ஏற்கெனவே இருந்தது, அது கொடுத்த அதிகாரத்தில் *அரசாணை* வந்தது. அதாவது, துறை தயாரித்து அரசு வெளியிடும் உத்தரவு. சட்டம் பெரிய வட்டம் போட்டுக் கொடுக்கும், உள்ளே நம் பிழைப்பைத் தொடும் கோடுகளை எல்லாம் அரசாணையும் விதியும்தான் போடும். அனுபவமுள்ள குழுக்கள் சட்டமன்றத்தைவிடத் தலைமைச் செயலகத்தில் அதிக நேரம் செலவிடுவது இதனால்தான்.

சுருக்குமடிக்காரர்கள் அதோடு விடவில்லை. மறியல் செய்தார்கள், மனு கொடுத்தார்கள், கடைசியில் நீதிமன்றத்தில் வேறொரு வழியைத் திறந்தார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை, மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. அப்பாலுள்ள கடலில் மாநிலத் தடை எப்படிச் செல்லும் என்று கேட்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி கொடுத்தது: 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும். 12 மைலுக்கு உள்ளே தடை அப்படியே இருந்தது. இருபத்து மூன்று ஆண்டு இழுபறியில் இரண்டு பக்கமும் பாதி வென்று பாதி தோற்ற நிலை அது.

முடிவு எங்கே பிறக்கிறது என்பதோடு, எப்போது பிறக்கிறது என்பதும் முக்கியம். 2023இல் நம் மாவட்டத்திலேயே இதற்கு இரண்டு சாட்சி உண்டு. அந்த ஏப்ரலில், மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் காவிரிப் படுகையின் மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் இருப்பது தெரியவந்தது. அவற்றில் ஒன்று கிழக்கு சேத்தியாத்தோப்பு. விவசாய அமைப்புகள் கொதித்தன, கட்சிகள் சேர்ந்துகொண்டன, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே மூன்று பகுதிகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மூன்று மாதம் கழித்து, ஜூலையில், அதே சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. வாய்க்கால் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. பெரிய போராட்டம் நடந்தது, வாய்க்கால் வேலை கைவிடப்படவில்லை. மக்களும் அதே மாதிரி மக்கள்தான், கோபமும் அதே கோபம்தான். முதலாவதில் காகிதத்தில் ஒரு பெயர் மட்டும் இருந்தது, அடித்துவிட முடிந்தது. இரண்டாவதில் நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது. பயிரோடு நின்றவர்களின் படத்தைப் பார்த்து அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் அந்த முடிவு நடந்து முடிந்தது அன்றைக்கு இல்லை, கையகப்படுத்தும் அறிவிப்பு வந்த நாட்களில்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு சுற்று கூடுதல். அங்கே 30 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களோடு சட்டமன்றமும் முதலமைச்சரும் உண்டு, ஆனால் அது ஒன்றியப் பிரதேசம். பட்ஜெட்டைத் தாக்கல் செய்வதற்கே மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். அமைச்சர் "ஆகட்டும்" என்று சொன்ன கோப்பு துணைநிலை ஆளுநர் மாளிகையிலோ டெல்லியிலோ நிற்கலாம். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அங்கே சின்னச் சங்கங்கள் படும் பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

குழுவின் கையில் என்ன இருக்கிறது?

பணம் என்று உடனே சொல்லத் தோன்றும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தகவல்.

ஒரு துறைச் செயலர் இன்றைக்கு மீன், நாளைக்கு மின்சாரம், அடுத்த ஆண்டு சுகாதாரம் என்று மாறிக்கொண்டே இருப்பார். ரசாயன ஆலையின் புகையில் என்ன இருக்கிறது என்பது ஆலைக்குத்தான் நன்றாகத் தெரியும். விதி எழுத உட்காரும்போது தெரிந்தவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். தெரிந்தவர் பெரும்பாலும் அந்த விதியால் பாதிக்கப்படப் போகிறவர். ஆலைத் தரப்பின் பேச்சு எடுபடுவதற்கு இது ஒன்றே போதும்.

இதை எங்கள் ஊர் எப்படி எதிர்கொண்டது என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, செம்மங்குப்பம், குடிகாடு போன்ற ஊர்களில் நாற்றம் தாங்க முடியவில்லை என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் புகார் சொன்னார்கள். நாற்றத்துக்கு அளவு உண்டா, ஆதாரம் உண்டா என்ற கேள்வியிலேயே புகார் நின்றுவிடும். 2004இல் ஊர்க்காரர்கள் சிலர் பயிற்சி எடுத்து, எந்த இடத்தில் எந்த நேரத்தில் எது மாதிரி வாடை வருகிறது என்று நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவில் நச்சு வேதிப்பொருள்களின் பெயர்களே வந்தன. அப்போது இந்தியாவின் பொதுக் காற்றுத் தர அளவுகளில் பென்சீனுக்குக்கூட வரம்பு இல்லை, 2009இல்தான் அது சேர்க்கப்பட்டது. அதே 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, கடுமையாக மாசடைந்தவற்றின் பட்டியலில் கடலூரும் இருந்தது. பெரிய படிப்போ பணமோ இல்லாத மனிதர்கள், தகவல் என்பது ஆலைப் பக்கம் மட்டும் இருந்த நிலையை மாற்றினார்கள்.

அடுத்தது நிறுத்தும் சக்தி. புதுச்சேரி கடற்கரையில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவர்கள் பலருக்கு 1936 ஜூலை 30 தெரியாது. அன்று அந்த ஊர் ஆலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதன் பின்தான் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டத்தில் வந்தன. ஆலை ஓடாமல் நிற்க வைக்கும் பலம் ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது. 2022 செப்டம்பர் கடைசியில் மின்துறைத் தனியார்மயத்தை எதிர்த்துப் புதுச்சேரி மின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் அதே பலம்தான். ஆனால் இதற்கு விலை உண்டு. மின்சாரம் நின்றால் கஷ்டப்படுவது முதலில் சாதாரண வீடுகள், கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஆதரவும் கரையத் தொடங்கும். நிறுத்தும் சக்தியை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பது சங்கத் தலைவர்களுக்குப் பெரிய தலைவலி.

ஓட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு சின்ன விஷயம் மட்டும்: மாநிலம் முழுக்கப் பரவிய பத்தாயிரம் ஓட்டைவிட ஒரே தொகுதியில் குவிந்த இரண்டாயிரம் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். புதுச்சேரியில் தொகுதிகள் சிறியவை என்பதால் அங்கே ஒரு தெருச் சங்கமே வேட்பாளரை உட்கார வைத்துப் பேச முடியும்.

இப்போது பணம். தேர்தலுக்குச் செலவாகிறது, கட்சிக்கு நன்கொடை வேண்டும், கொடுப்பவருக்கு எதிர்பார்ப்பு இருக்கும். நிறுவனங்கள் தங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு 2017இல் நீக்கப்பட்டது. 2018இல் அமலுக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பத்திரத் திட்டம் வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு எதிரானது என்றும், வரம்பை நீக்கியது தன்னிச்சையானது என்றும் சொல்லி இரண்டையும் ரத்து செய்தது. மறைந்து வரும் பணத்தைக் குடிமக்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதுவரை வந்த வழி: சின்னக் குழு எளிதில் ஒன்றுசேர்கிறது, சரியான அறையைச் சரியான நேரத்தில் தேடிப் போகிறது, அங்கே தகவல், நிறுத்தும் சக்தி, ஓட்டு, பணம் ஆகியவற்றில் தன்னிடம் இருப்பதை வைத்துப் பேசுகிறது.

எந்த இடத்தில் கோபப்பட வேண்டும்?

ஆலைக்காரர்கள் அமைச்சரைச் சந்திப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயிரம் பேருக்கு வேலை கொடுப்பவரின் சங்கடம் அரசுக்குத் தெரியத்தான் வேண்டும். என் ஆட்சேபம் அந்தச் சந்திப்பில் என்ன பேசினார்கள் என்பது எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் போவதில். தேவனாம்பட்டினத்துக்காரர் தெருவில் உட்கார்ந்தால் ஊர் முழுக்கத் தெரியும், எதிர்ப்பவர் மறுநாளே எதிர்மனு கொடுக்கலாம். மூடிய அறையில் நடந்த பேச்சுக்கு எதிர்மனு கொடுக்க வழியில்லை.

அமெரிக்காவில் லாபி செய்பவர்கள் பதிவு செய்துகொண்டு, யாருக்காக, எந்த விஷயத்தில், எவ்வளவு செலவில் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்று 1995 முதல் சட்டம் இருக்கிறது. அங்கே பணத்தின் ஆட்டம் அதனால் குறைந்துவிடவில்லை, ஆனால் பார்க்க விரும்புகிறவர் பார்க்கலாம். இந்தியாவில் அப்படி ஒரு பதிவுச் சட்டம் கிடையாது. அதனால்தான் இங்கே லாபி என்றாலே லஞ்சம் என்ற எண்ணம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததை மனிதர்கள் மோசமாகத்தான் கற்பனை செய்வார்கள்.

திறந்த கதவுகளும் இருக்கின்றன, நாம் பழக்கப்படுத்திக்கொள்ளவில்லை. புதிய சட்ட வரைவை நிறைவேற்றும் முன் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2014 முதல் மத்திய அரசு தனக்கே வகுத்துக்கொண்ட கொள்கை. சட்டமாக இல்லாமல் கொள்கையாக மட்டும் இருப்பதால் அது பலமுறை மீறப்படுகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெரும்பாலான பெரிய ஆலை, சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் திட்டச் சுருக்கம், கலெக்டர் அல்லது அவர் அனுப்பும் மூத்த அதிகாரியின் தலைமை, முழுக்க வீடியோ பதிவு. அந்தக் கூட்டத்தில் கத்திவிட்டு வருவதைவிட, திட்ட அறிக்கையின் பக்க எண் குறிப்பிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது பல மடங்கு பலமானது, ஏனென்றால் வழக்கு என்று வந்தால் அந்தத் தாள்தான் நீதிபதியின் மேசைக்குப் போகும். தெருக்குழாய்க் கதையில் மூன்று கடைக்காரர்கள் எழுதிக்கொண்டு போன தாள் நினைவிருக்கிறதல்லவா?

விதி வந்த பிறகும் வேலை முடிவதில்லை. கரும்பு ஆலைக்கு வந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று 1966ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அப்படி இருந்தும் நிலுவைக்காக விவசாயிகள் போராடாத ஆண்டு நம் பக்கம் அரிது. சங்கம் பின்னாலேயே நின்றால்தான் காகிதத்தில் உள்ள 14 நாள் நிஜத்தில் 14 நாள் ஆகும். குழுக்களின் செல்வாக்கு என்றால் புதுச் சட்டம் போட வைப்பது என்று மட்டும் நினைக்கிறோம். இருக்கும் சட்டத்தைத் தூங்க வைப்பதும், தூங்கும் சட்டத்தை எழுப்புவதும் அதே செல்வாக்குதான்.

சங்கம் இல்லாதவர்கள்

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அவள் அப்பா செய்தது லாபிதான், அழுத்தம்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு இன்னொன்று கேட்டாள். "எங்க அம்மா மீன் விக்கிறாங்க சார். சுருக்குமடி மீன் வந்தா மொத்தமா லாரியில ஏறிடும், இவங்களுக்குக் கூடைக்கு மீன் கெடைக்காது. சின்னப் படகு வராத நாள்ல ஏல விலை எகிறிடும். இந்த வலை வேணுமா வேணாமான்னு அம்மாவை இதுவரைக்கும் யாருமே கேக்கல."

யோசித்துப் பார்த்தேன். மீனவ ஊர்ப் பஞ்சாயத்தில் மரபாக ஆண்கள்தான் உட்காருகிறார்கள். கலெக்டர் கூட்டும் சமாதானப் பேச்சுக்கு ஊர்ப் பஞ்சாயத்தார் போகிறார்கள். நீதிமன்றத்தில் வலைக்காரர்கள் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம். திங்கள், வியாழன் என்று நாள் குறித்த உத்தரவு, கரையில் கூடையோடு காத்திருக்கும் பெண்ணின் வாரத்தையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. முடிவு அவள் மேலும் கனமாகத்தான் விழுகிறது. ஆனால் விடியற்காலை துறைமுகத்தில் மீன் எடுத்து, பகல் முழுக்கத் தெருத்தெருவாக விற்றுவிட்டு, மாலை வீட்டு வேலைக்குத் திரும்புகிறவளுக்குக் கூட்டம் போட எந்த மணி நேரம் மிச்சம்?

வகுப்பு முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து, முதுநகர்த் துறைமுகத்தில் மீன் எடுக்கும் பெண்கள் எத்தனை பேர், எந்த நாளில் என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று எழுத ஒரு நோட்டுப் போட்டோம். முதல் பக்கத்தில் அவள் அம்மாவின் ஒரு வாரக் கணக்கு இருக்கிறது. எட்டுப் பெண்கள் இதுவரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தொழிற்சங்கப் பதிவுக்கான சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதியக் கேட்பதற்கே குறைந்தது ஏழு பேர் வேண்டும். எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். மற்ற நிபந்தனைகளைப் படித்துப் பார்ப்பதற்காகச் சட்டப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.